செவ்வாய்க்கிழமை மட்டும்

அக்கா,

இன்று காலை நாமக்கல் ஸ்டேஷனில் சரக்கு வண்டியை நிறுத்திவிட்டு எஞ்சினிலிருந்து இறங்கினேன். வண்டி முழுக்க மக்காச்சோளம். வடக்கே எங்கிருந்தோ கிளம்பி, பல கைகள் மாறி வந்ததை, சேலத்திலிருந்து எஞ்சின் ஓட்டும் லோகோ பைலட்டும் உதவியாளரான நானும் கொண்டுவந்து சேர்த்தோம். சுமை இறக்குகிறவர்கள் பெட்டிக் கதவுகளைத் திறந்ததும் மஞ்சள் தூசி கிளம்பியது. கூடவே அந்த வாசனையும். கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் புழுக்கம். உங்கள் சேலையிலும் முடியிலும் இருந்த வாசனை. நீங்கள் கணக்குப் போட்டுப் பார்த்த நோட்டுப் புத்தகத்தின் பக்கங்களில்கூட அது ஒட்டியிருக்கும்.

வேப்பமரத்தடியில் போய்ச் சும்மா நின்றேன். "என்னம்மா, தூசி ஒத்துக்கலையா?" என்று கேட்டார் என்னோடு வந்த லோகோ பைலட். "இல்லீங்க சார், ஒருத்தங்க ஞாபகம் வந்துருச்சு" என்றேன். அவர் மேலே கேட்கவில்லை. கேட்டிருந்தால் எங்கே தொடங்குவதென்று தெரியாமல் திணறியிருப்பேன். குவார்ட்டர்ஸுக்கு வந்து குளித்துவிட்டு, உங்களுக்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

உங்களை முதன்முதலில் பார்த்தது சேலத்துக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியின் வாசலில். உதவி லோகோ பைலட் வேலைக்கான முதல் தேர்வு அன்று. உள்ளே உலோகம் எதுவும் கொண்டுபோகக் கூடாது என்று சோதனை போடுகிறவர்கள் சொல்லிவிட்டார்கள். எனக்கு முன்னால் நின்ற நீங்கள் குனிந்து, கால் விரல்களிலிருந்து மெட்டிகளைக் கழற்றினீர்கள். தனியாக வந்திருந்தீர்கள். கொடுத்து வைக்க ஆளில்லை. சுற்றிலும் பார்த்துவிட்டு, கேட்டுக்கு வெளியே நின்றிருந்த என் அப்பாவிடம் நேராகப் போனீர்கள்.

"ஏனுங்கய்யா, இதச் செத்த வெச்சிருங்க. பரிச்ச முடிஞ்சு வந்து வாங்கிக்கறேன்."

அப்பா பதறிப்போனார். "ஏம்மா, நானு ஆருன்னே தெரியாம மெட்டியக் கழட்டிக் குடுக்கறியே?"

"உங்க புள்ளைய உள்ள உட்டுப்போட்டு நீங்க எங்கீங்க போயிரப் போறீங்க?"

தேர்வு முடிந்து நாங்கள் வெளியே வந்தபோது அப்பா அதே இடத்தில், மூடிய கையைத் திறக்காமல் நின்றிருந்தார். டீ குடிக்கக்கூடப் போகவில்லையாம். நீங்கள் அங்கேயே கல் மேல் உட்கார்ந்து மெட்டிகளைப் போட்டுக்கொண்டு, எங்கள் இருவரையும் உங்கள் குட்டியானை மினி லாரியின் முன் சீட்டில் நெருக்கி உட்காரவைத்து ராசிபுரம் வரைக்கும் கொண்டுவந்து விட்டீர்கள்.

வழி நெடுக நீங்கள்தான் பேசினீர்கள். ஐடிஐயில் டீசல் மெக்கானிக் படித்தது, படிப்பு முடிந்த கையோடு கல்யாணம் ஆனது, உங்கள் வீட்டுக்காரர் போர்வெல் ரிக் வண்டியோடு வடநாட்டுக்குப் போனால் எட்டு மாதம் கழித்துத்தான் வருவார் என்பது, மகள் ஒன்றாம் வகுப்பில் படிப்பது, மில்லிலிருந்து கோழிப் பண்ணைகளுக்கு மக்காச்சோளத் தீவனம் ஏற்றிப்போவதுதான் உங்கள் வேலை என்பது, எல்லாவற்றையும் சொன்னீர்கள். கடைசியில், கியரை மாற்றிக்கொண்டே, "எனக்கு இதுதான் கடேசித் தடவ அம்மணி. அடுத்த தடவைக்கு வயசு தாண்டிப்போயிரும்" என்றீர்கள். அதைச் சொல்லும்போதும் உங்கள் முகத்தில் சிரிப்பு மாறவில்லை.

உங்களுக்கு முப்பத்திரண்டு, எனக்கு இருபத்து நான்கு. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில், முடிந்த வண்டிகளைச் சரிபார்த்து ரிஜிஸ்டரில் எழுதும் வேலையில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினேன். கணக்கு எனக்கு வரும். நான் சொல்லிக் கொடுத்தேன். பதிலுக்கு நீங்கள் முட்டை பொரித்துப் போட்டீர்கள். வேகமும் தூரமும் வருகிற கணக்கென்றால் மட்டும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பேனாவை எடுக்காமலே விடை சொல்வீர்கள். "இத்தன வருசமா அதத்தானே பண்ணிட்டிருக்கறேன்" என்பீர்கள்.

முதல் தேர்வில் இருவரும் தேறினோம். இரண்டாவதிலும் தேறினோம். அதன்பிறகு கம்ப்யூட்டரில் வைக்கிற மனத்திறன் தேர்வுக்குப் போவதற்கு முன் கண் சான்றிதழ் வாங்கச் சேலம் அஸ்தம்பட்டிக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? கண்ணாடி இல்லாமல் தூரப் பார்வை முழுசாக இருக்க வேண்டும் என்பது விதி. எனக்குப் பயத்தில் கடைசி வரி கலங்கித்தான் தெரிந்தது. இரண்டு முறை கண்ணைச் சிமிட்டிப் படித்தேன். நீங்களோ மடமடவென்று படித்து முடித்துவிட்டு, "அட்டைக்கு அடீல அச்சடிச்சவரு பேரு இருக்குதுங்க. அதயும் படிக்கட்டுங்களா?" என்று கேட்டீர்கள். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

மனத்திறன் தேர்வும் முடிந்தது. பிறகுதான் காத்திருப்பு தொடங்கியது.

இன்று வரும், நாளை வரும் என்று செல்போனில் இருந்த தேர்வர்கள் குழுக்களில் தினமும் ஒரு வதந்தி. நான் ஒரு நாளைக்கு நாற்பது தடவை ரயில்வே தேர்வு வாரியத்தின் இணையதளத்தைத் திறந்து பார்த்தேன். பட்டறையில் வெல்டர்கள் என்னைக் கண்டாலே வாயால் ரயில் ஊதல் ஊதினார்கள். ஊரில் யாரைப் பார்த்தாலும், "ஏஞ்சாமி, ரயிலு இன்னுமு வல்லியா?" என்றுதான் கேட்டார்கள். ஜாதகம் கேட்டு வந்தவர்களிடம் அப்பா "ரிசல்ட் வரட்டுங்க" என்று சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனார். சாப்பாடு இறங்கவில்லை. இளைத்துப்போனேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கரண்டியும் கையுமாக அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த நீங்கள் என் கையிலிருந்த போனைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் போட்டு மூடினீர்கள்.

"இங்க பாரு அம்மணி. செவ்வாக்கெழம எங்க மில்லு லீவு. அன்னிக்கு மத்தியானம் சோறு தின்னுட்டு, ரெண்டு பேரும் ஒண்ணாப் பாப்போம். மத்த நாள்ல பாக்கப்படாது. நாம பாத்துட்டே இருக்கறோமுன்னு அது வெரசா வந்துருமா?"

முதல் இரண்டு வாரம் நான் திருட்டுத்தனமாகப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன். செவ்வாய் மதியம் ஒன்றரைக்கு உங்களிடமிருந்து போன் வரும். இருவரும் அவரவர் போனில் பார்ப்போம்.

"ஒண்ணுமில்லீங்க்கா."

"செரி, உடு. இன்னிக்கு என்ன கொழம்பு?"

அப்புறம் அரை மணி நேரம் வேறு பேச்சு. மகளுக்குச் சைக்கிள் பழக்கியது, குட்டியானைக்கு நீங்களே பெயிண்ட் அடித்தது, பண்ணைக்கார அம்மாவோடு சண்டை போட்டு மறுநாளே சமாதானம் ஆனது. மாதங்கள் இப்படிப் போயின. ஒரு கட்டத்தில் முடிவுக்காகக் காத்திருக்கிறேனா, செவ்வாய்க்கிழமைக்காகக் காத்திருக்கிறேனா என்று எனக்கே தெரியாமல் போயிற்று. நன்றாகச் சாப்பிட்டேன். பட்டறை வேலையும் பிடித்துப்போனது.

முடிவு ஒரு வியாழக்கிழமை வந்தது. பட்டறையில் ஒருவர் சொல்லித்தான் தெரியும். உங்கள் எண் முதன்மைப் பட்டியலில் இருந்தது. என் எண் அதில் இல்லை. யாராவது விலகினாலோ தகுதியிழந்தாலோ மட்டும் கூப்பிடுகிற இரண்டாவது பட்டியலில், கீழே எங்கோ கிடந்தது.

நீங்கள் கூப்பிட்டீர்கள். நான் எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. இரண்டு வாரம் எடுக்கவில்லை. அடுத்து வந்த இரண்டு செவ்வாய்களும் போன் அடித்து ஓய்ந்தது. கணக்குச் சொல்லிக்கொடுத்தது நான், வேலை எனக்கு வரவில்லை, உங்களுக்கு வந்துவிட்டது. இதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வாரம் குட்டியானை பட்டறை வாசலில் வந்து நின்றது. இறங்கி வந்து எதிரில் நின்றீர்கள்.

"போனு கெட்டுப்போச்சா அம்மணி?"

"இல்லீங்க்கா."

"அப்பறம்?"

பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு. "எனக்கு வயித்தெரிச்சலா இருக்குதுங்க்கா. அதான் எடுக்கல."

நீங்கள் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தீர்கள். வெல்டர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அப்பிடிச் சொல்லு. நானு என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். எனக்கு வராம உனக்கு வந்திருந்தா நானு உன்ர ஊட்டுப் பக்கமே தலவெச்சுப் படுத்திருக்க மாட்டேன்." வண்டியிலிருந்து இரண்டு அட்டை முட்டையை எடுத்து என் மேசை மேல் வைத்தீர்கள். "தின்னு. எரிச்சல் அடங்கும்."

மருத்துவப் பரிசோதனைக்கு நானும் உங்களோடு வந்தேன். ரயில்வே மருத்துவமனையில் காலையில் உள்ளே போன நீங்கள் மதியம்தான் வெளியே வந்தீர்கள். கையில் இருந்த காகிதத்தை நாலாக மடித்திருந்தீர்கள். பக்கத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"எடது கண்ணு" என்றீர்கள். "வருசம் ஒண்ணாச்சில்ல, நாம அஸ்தம்பட்டி போயி? அதுக்குள்ள எறங்கிப்போச்சாம். சின்னப் பவருதானாம். கண்ணாடி போட்டாச் செரியாயிருமாம்."

"அப்பறம் என்னங்க்கா?"

"கண்ணாடி போட்டா இந்த வேல இல்ல." டீயை ஊதினீர்கள். "நானு காத்துக்கிட்டு இருந்தேன். கண்ணு காத்திருக்கல."

நீங்கள் யாரையும் குறை சொல்லவில்லை. இரண்டாம் முறை வேறு டாக்டர்கள் பார்த்தும் அதே முடிவுதான். அன்று அந்தப் பெஞ்சில் நான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன் அல்லவா? அந்த நேரத்தில் என் மனதின் ஒரு மூலை, ஒரு இடம் காலியாகிறது என்று கணக்குப் போட்டது. அக்கா, உங்களிடம் எத்தனையோ பேசியிருக்கிறேன். இதை மட்டும் சொன்னதில்லை. இன்றுதான் சொல்கிறேன்.

மூன்று நாள் நீங்கள் வேலைக்குப் போகவில்லை. நாலாம் நாள் பழுப்பு ஃபிரேம் போட்ட கண்ணாடியோடு வண்டியை எடுத்துவிட்டீர்கள். நான் இணையதளத்தைப் பார்ப்பதையே நிறுத்தியிருந்தேன். பார்க்க வெட்கமாக இருந்தது. ஞாயிறுகளில் வந்தேன். ரயில் பேச்சை மட்டும் இருவரும் எடுக்கவில்லை.

ஐந்து மாதம் இருக்கும். பட்டறையில் சாப்பிட்டு டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தேன். உங்கள் போன்.

"அம்மணி, உன்ர நெம்பரு கடேசி நாலு என்ன?"

"எதுக்குங்க்கா?"

"கேட்டாச் சொல்லு."

சொன்னேன். ஒவ்வொரு எண்ணாக நீங்கள் முணுமுணுத்துச் சரிபார்ப்பது கேட்டது. பிறகு, "வந்துருச்சு சாமி. உனக்கு வந்துருச்சு" என்றீர்கள்.

அதன்பிறகுதான் எனக்கு உறைத்தது. அன்று செவ்வாய்க்கிழமை. "நீங்க எதுக்குங்க்கா இன்னுமு பாத்துட்டு இருந்தீங்க?"

"செவ்வாக்கெழம மத்தியானம் எனக்கு வேற என்ன வேல?"

உங்களுக்கு இனி எதுவுமே வரப்போவதில்லை என்று தெரிந்த பிறகும், வாரம் தவறாமல், புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என் எண்ணைத் தேடியிருக்கிறீர்கள். அந்த எண் உங்களுக்கு மனப்பாடமாகத்தான் இருந்திருக்கும். நம்ப முடியாமல்தான் கடைசி நாலைக் கேட்டீர்கள் என்பது பிறகு புரிந்தது.

நான் போகவில்லை என்று சொன்னேன். அது உங்கள் இடம், அதில் எப்படி உட்காருவேன் என்றேன். அன்று சாயங்காலமே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டீர்கள். நீங்கள் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். அப்பா எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டும் உட்காரவில்லை.

"ஏம்புள்ள, என்ர கண்ணையா நீ புடுங்கிட்ட? அதுல ஆரோ ஒருத்தி உக்காரத்தான் போறா. தெரியாத ஒருத்தி உக்காந்தா எனக்கென்ன வந்துச்சு? நீ உக்காந்தா, உள்ள எப்பிடி இருக்குதுன்னு எனக்கு வந்து சொல்லுவ."

அப்பா மெதுவாக, "அந்தப் புள்ள சொல்றது செரிதானே சாமி" என்றார். நான் போனேன்.

பயிற்சி முடிந்து முதல் முறை எஞ்சினில் ஏறிய நாளிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தேன். இருக்கை எவ்வளவு உயரம், மழையில் தண்டவாளம் எப்படி மின்னும், தர்மபுரிப் பக்கம் மேட்டில் ஏறும்போது எஞ்சின் எப்படி முனகும், ஒவ்வொரு சிக்னலையும் இருவரும் உரக்கச் சொல்லிக்கொள்ள வேண்டும் என்பது வரைக்கும். டூட்டியில் போனை அணைத்து வைக்க வேண்டும் என்பதால் இறங்கிய பிறகு கூப்பிடுவேன். "இன்னிக்கு எது வரைக்கும்?" என்றுதான் தொடங்குவீர்கள். ஒரு தடவைகூட உங்கள் குரலில் ஏக்கத்தைக் கேட்டதில்லை. இருந்திருக்கும். எனக்குக் காட்டவில்லை.

நீங்களும் சும்மா இருக்கவில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு பஸ் ஓட்டலாம் என்று தெரிந்ததும் கனரக வாகன லைசென்ஸ் எடுத்தீர்கள். குட்டியானையை விட்டுவிட்டுப் பள்ளிக்கூட பஸ்ஸுக்கு டிரைவராகப் போனீர்கள். ராசிபுரம் வட்டாரத்தில் அப்போது நீங்கள் ஒருவர்தான் பெண் டிரைவர் என்று நினைக்கிறேன். முதல் வாரம் பெற்றோர்கள் தெரு முனையில் நின்று வேடிக்கை பார்த்தார்களாம். இரண்டாம் வாரத்திலிருந்து, பிள்ளை சாப்பிட்டதா என்று உங்களிடமே கேட்கத் தொடங்கினார்களாம்.

எனக்குள் அழியாமல் இருக்கும் காலை ஒன்று உண்டு. கரூர்ப் பக்கம் போகிற சரக்கு வண்டி. ராசிபுரம் தாண்டி ஒரு லெவல் கிராசிங் வருகிறது. கேட் மூடியிருக்கிறது. கேட்டை ஒட்டி முதல் வண்டியாக மஞ்சள் பஸ். அத்தனை ஜன்னலிலும் பிள்ளைகள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் பழுப்புக் கண்ணாடி. நீங்கள்! நான் கத்தியிருப்பேன், ஆனால் கேட்மேன் பச்சைக் கொடி காட்டிக்கொண்டிருந்தார். நாங்களும் கொடி காட்டிப் பதில் சொல்ல வேண்டும். கையை முழுசாக வெளியே நீட்டிக் கொடியைக் காட்டினேன். பிள்ளைகள் எல்லோரும் கையாட்டினார்கள். நீங்கள் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்துத் தலைக்கு மேல் தூக்கினீர்கள்.

இறங்கியதும் கூப்பிட்டேன்.

"கொடிய எனக்குக் காட்டுனியா, கேட்டுக்காரருக்கா?"

"ரெண்டு பேருத்துக்குந்தாங்க்கா."

"எனக்குத்தான்னு புள்ளைங்ககிட்டச் சொல்லிப்போட்டேன். இனி மாத்தாத."

நாம் இருவரும் அவரவர் வண்டியில் எதிரெதிரே நின்றது அந்த ஒரு நிமிடம். அதற்குப் பிறகு எத்தனையோ முறை அந்த வழியாகப் போனேன், உங்கள் நேரமும் என் நேரமும் ஒத்துவரவில்லை.

போன ஐப்பசியில் காய்ச்சல் என்று படுத்தீர்கள். நான் பார்க்க வந்தபோது எழுந்து உட்கார்ந்து, மாற்று டிரைவர் பஸ்ஸை எப்படிக் கெடுத்து வைப்பாரோ என்று கவலைப்பட்டீர்கள். ஒரு வாரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. ஜோலார்ப்பேட்டையிலிருந்து சேலம் வந்து இறங்கி போனை உயிர்ப்பித்தபோது அப்பாவின் பதினோரு அழைப்புகள் இருந்தன. வந்து சேர்ந்தபோது உங்கள் வீட்டு முன்னால் மூன்று பள்ளிக்கூட பஸ்கள் வரிசையாக நின்றன. ரிக் வண்டியிலிருந்து ஓடிவந்திருந்த உங்கள் வீட்டுக்காரர் என் சீருடையைப் பார்த்துவிட்டு, "நீங்கதானுங்களா அந்த ரயிலு அம்மணி? தெனமும் உங்க பேச்சுத்தானுங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத எனக்குப் பிடிக்கவில்லை. உங்கள் மகள் நன்றாகப் படிக்கிறாள். கணக்கு வருகிறது. அது போதும்.

இப்போது உங்களுக்கு ஒரு சேதி. உதவியாளர்கள் லோகோ பைலட் ஆவதற்கான தேர்வை நான் எழுதியிருக்கிறேன். முதல் பட்டியல் போன வாரம் வந்துவிட்டது. என்னோடு பயிற்சியில் ஒரே அறையில் தங்கியிருந்தவளின் பெயர் அதில் இருக்கிறது. என் பெயர் இல்லை. அடுத்த பட்டியல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

பட்டியலைப் பார்த்தவுடன், அக்கா, போனை எடுத்து அவளைக் கூப்பிட்டேன். அவளுக்கு அதுவரை தெரியாது. நான் சொல்லித்தான் தெரிந்தது. "நெசமாவா, நெசமாவா?" என்று கேட்டு அழுதுவிட்டாள். எஞ்சினை முதன்முதலாகத் தனிப் பொறுப்பில் எடுக்கிற அன்று உள்ளே எப்படி இருந்தது என்று எனக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். பேசி முடித்துவிட்டு என் குரலையே ஒரு தடவை நினைத்துப் பார்த்தேன். அதில் பொய் இல்லை.

பிறகு சோறு வைத்தேன். பசி நன்றாக இருந்தது.